முகம் அவர்களுடையது

ஜப்பானின் கியோத்தோ நகரத்தில் கியோன் வட்டாரத்து மக்கள் 2024-ல் தங்கள் சந்துகளை அடைத்துவிட்டார்கள். பெரிய தெருவிலிருந்து பிரியும் குறுகலான தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்த காரியமில்லை இது. அந்தச் சந்துகளில் படம் எடுக்க வேண்டாம் என்று 2019-லேயே அறிவித்தார்கள். படம் போட்ட துண்டறிக்கை கொடுத்தார்கள். ஆள் நிறுத்திச் சொல்லிப் பார்த்தார்கள். கேட்பார் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வழியை மறித்தார்கள்.

அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ‘சுற்றுலாவால் பிழைக்கிற ஊருக்கு இவ்வளவு திமிரா?’ என்று கேட்பவர்கள், அந்தச் சந்துகளில் சாயங்காலம் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். கெய்ஷா என்று உலகம் அழைக்கும் கலைஞர்கள் வாழ்ந்து தொழில் செய்யும் இடம் கியோன். அவர்களிடம் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கு மைக்கோ என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பதினைந்து, பதினாறு வயதில் வருகிறார்கள். இருபதை ஒட்டிய வயதுவரை மைக்கோதான். ஆட்டம், பாட்டு, வாத்தியம், விருந்தினரை உபசரிக்கும் முறை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டே வேலையும் பார்க்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில், தங்கியிருக்கும் வீட்டிலிருந்து விருந்து நடக்கும் தேநீர் இல்லத்துக்கு நடந்து போக வேண்டும். காலில் உயரமான மரக்கட்டைச் செருப்பு. முதுகில் கணுக்கால்வரை தொங்கும் பட்டுக் கச்சை. சொந்த முடியிலேயே போட்ட கனத்த கொண்டை. வேகமாக ஓடக்கூட முடியாத அந்த அலங்காரத்தில் போகிறவளைச் செல்போனும் கையுமாக ஒரு கூட்டம் மறிக்கிறது. முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று எடுக்கிறார்கள். கிமோனோவைப் பிடித்து இழுத்து நிறுத்தியவர்களும் உண்டு. பதினாறு வயதுப் பெண் வேலைக்குப் போகிறாள், அவ்வளவுதான் விஷயம். (பகலில் கியோத்தோ கோயில்களைச் சுற்றி இதே அலங்காரத்தில் உலவுகிறவர்களில் பலர் வாடகைக்கு உடை எடுத்து மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள். அவர்களை நிஜமென்று நம்பி எடுத்த படங்கள் எத்தனை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றனவோ!)

இதே 2024 மே மாதம் ஃபுஜி மலையடிவாரத்தில் ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டினார்கள். லாசன் என்ற சங்கிலிக் கடையொன்றின் கூரைக்கு மேலே மலை தெரிகிற கோணத்துக்காகக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால் வந்த வினை. கட்டிய சில நாட்களிலேயே திரையில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஆகஸ்டில் புயல் எச்சரிக்கையின்போது இறக்கிய திரை மறுபடி ஏறவில்லை. வேடிக்கையான செய்திதான். ஆனால் அது கூட்டத்தையும் குப்பையையும் பற்றிய வழக்கு. மலைக்கு யார் எடுத்தாலும் ஒன்றுதான். கியோன் வழக்கு மனித முகத்தைப் பற்றியது. இரண்டையும் ‘அளவு மீறிய சுற்றுலா’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்தால், கனமான குற்றம் லேசான குற்றத்தோடு சேர்ந்து தப்பிவிடும்.

ஜப்பான்காரன் பிரச்சினை நமக்கெதற்கு என்று விட்டுவிட முடியாது. தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்த பிறகு, வெளிநாட்டுப் பயணம் நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டிவிட்டது. ஒரு காலத்தில் கொடைக்கானலுக்குப் போன தேனிலவு பாலிக்குப் போகிறது. நல்ல விஷயம், போகட்டும். உலகம் பார்க்கிற உரிமை வெள்ளைக்காரனுக்கு மட்டும் எழுதிவைத்ததில்லை. ஆனால் போன இடத்தில் நாம் என்ன செய்கிறோம்?

பட்டாயா, ஃபுக்கெட் கடற்கரைகளில் நம் ஆண்களில் ஒரு சாரார் செய்வதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விடுவது அதைவிட அசிங்கம். நண்பனைத் தண்ணீர் ஓரம் நிற்கவைத்து அவனை எடுப்பதுபோல் செல்போனைத் தூக்குகிறார்கள். கேமரா பார்ப்பது நண்பனையல்ல. அவன் தோளுக்குப் பின்னால் நீச்சலுடையில் படுத்திருக்கும் பெண்ணை. விரலால் திரையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி எடுத்த படம் அன்றிரவே நான்கைந்து குழுக்களில் ஓடுகிறது, கூடவே கமெண்ட்டும். சிலர் நேரே போய், பல்லைக் காட்டிக்கொண்டு ‘ஒரு செல்ஃபி’ என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்குச் சுற்றுலா என்று பெயரில்லை. பாலியல் தொல்லை என்றே பெயர். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் நடந்தது என்பதால் குற்றம் குறைவதில்லை; இன்னும் கோழைத்தனமாகிறது.

இன்னொரு வகை உண்டு. அது சிரித்துக்கொண்டே செய்வது. பாங்காக் இரவுச் சந்தையில் வறுத்த வெட்டுக்கிளியும் பட்டுப்புழுவும் விற்கும் அம்மாவின் தட்டுக்கு நேரே கேமராவை நீட்டி, ‘மக்களே, இங்க பாருங்க மக்களே, இவங்க எதையெல்லாம் திங்கிறாங்கன்னு!’ என்று ஆரம்பிக்கிறார் நம் யூடியூபர். உவ்வே என்று முகத்தைக் கோணுகிறார். பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்து அவரும் சிரிக்கிறார். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல் அவர் சிரித்த அந்தச் சிரிப்பையும் சேர்த்து லட்சம் பேர் பார்க்கிறார்கள். நூறு பேர் கமெண்டில் வாந்தி எடுக்கும் பொம்மை போடுகிறார்கள். வாங்கித் தின்றாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு காசு வியாபாரம் செய்யாமல் அந்த அம்மாவை வைத்து இவர் விளம்பர வருமானம் பார்த்துவிட்டார். மொழி தெரியாதவர் முன்னால் நின்று அவரையே ஏளனம் செய்வதைவிட ஈனமான காரியம் ஒரு பயணிக்குக் கிடையாது.

கேமராவின் எதிர்ப்பக்கத்தில் நின்ற அனுபவம் நமக்கு உண்டு. அதனால்தான் நம்மவர்களைக் கூடுதலாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பேசப்பட்ட 1876-78 பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி கேமராவோடு திரிந்தார். எலும்பும் தோலுமாக, உட்காரக்கூட முடியாமல் இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் வைத்துப் படமெடுத்தார். இன்றைக்கும் அந்தப் பஞ்சத்தைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பவை அந்தப் படங்களே. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மடியில் ஒட்டிக்கிடக்கும் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அவற்றை எடுத்த கோணத்தில் ஒரு கச்சிதம் இருக்கிறது: உயரமானவர் பின்னால், குட்டையானவர் முன்னால், யாரும் யாரையும் மறைக்காமல். நிற்கத் தெம்பில்லாதவர்களை அப்படி ஒழுங்குபடுத்தி உட்கார வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! படம் எடுத்தானதும் அவர்களுக்குச் சோறோ மருந்தோ கொடுக்காமல் திருப்பி அனுப்பினார் என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. படத்தில் இருப்பவர் எந்த ஊர், என்ன பெயர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அதே ஹூப்பர் 1886-ல் மாண்டலேயில் இருந்தார். பர்மியக் கைதிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றபோது, குண்டு பாயும் கணத்தைப் பிடிக்கக் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார். அதற்காகவே சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று லண்டன் டைம்ஸ் நிருபர் செய்தி அனுப்பினார். இங்கிலாந்திலேயே கூச்சல் எழுந்தது. விசாரணை நடந்தது. ஹூப்பர் கண்டிக்கப்பட்டார். சாகப்போகிறவன் முகம் தன் தொழில்நுட்பத்துக்கு ஒரு சோதனைப் பொருள் என்று நினைக்க ஒருவனுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? ஆள்கிறவன், பணமும் கருவியும் உள்ளவன், நாளைக்கு இந்த ஊரைவிட்டுப் போகப்போகிறவன் என்ற மூன்றும் சேர்ந்து கொடுத்த துணிச்சல் அது. ஆள்கிற அதிகாரம் இன்றைய பயணியிடம் இல்லை. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

‘பஞ்சப் படங்கள் இல்லாவிட்டால் வெள்ளை அரசின் கொடுமை நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாட்சியம் வேறு, வேடிக்கை வேறு. பத்திரிகையாளரின் படத்துக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார். அப்படியிருந்துமே அவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம் 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் வந்து உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்கியது. அவர் பெயர் ஷர்பத் குலா என்பது உலகத்துக்கு 2002-ல்தான் தெரிந்தது. பதினேழு ஆண்டுகள் முகம் சம்பாதித்துக்கொண்டிருந்தது. முகத்துக்குரியவர் தன் படம் அட்டையில் வந்ததே தெரியாமல் ஏழ்மையில் இருந்தார். படமெடுத்த அன்று தனக்குக் கோபம் வந்தது என்றுதான் அவர் பின்னாளில் சொன்னார். அந்தக் கண்களில் உலகம் என்னென்னவோ கண்டது. கோபம் என்று அவர் சொன்னபோது காதில் போட்டுக்கொண்டவர் குறைவு.

‘பொது இடம்தானே, சட்டம் தடுக்கவில்லையே’ என்பது அடுத்த சாக்கு. முதலில், எல்லா நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்வதில்லை. ஜெர்மனியில் ஒருவருடைய படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்ற சட்டம் 1907-லேயே வந்துவிட்டது. அதன் பின்னணியும் அறிய வேண்டியது. 1898 ஜூலையில் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து பிணத்தைப் படமெடுத்து விற்கப் பார்த்தார்கள். அந்த வழக்கின் சூட்டில் பிறந்த சட்டம் அது. ஹங்கேரியில் 2014 முதல், வெளியிடுவதற்கு மட்டுமின்றி எடுப்பதற்கே சம்மதம் வேண்டும். நம்மவர்கள் லட்சக்கணக்கில் வேலை செய்யும் ஐக்கிய அரபு அமீரகத்தில், 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் பிறரைப் படமெடுத்து அந்தரங்கத்தில் தலையிட்டால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹாம்வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. துபாய் மாலில் பர்தா அணிந்த பெண்களைப் பின்னணியில் வைத்து ரீல்ஸ் போடுகிற தம்பிகள் தங்கள் ஒரு வருடச் சம்பளத்தோடு விளையாடுகிறார்கள்.

சட்டம் தடுக்காத இடத்திலும் கண்ணியம் என்று ஒன்று இருக்கிறது. மார்கழிக் காலையில் மயிலாப்பூர் தெருவில் ஒரு பெண் நைட்டியோடு குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். தெரு பொது இடம்தான். முன்பின் தெரியாத வெளிநாட்டான் எதிரில் குந்தி உட்கார்ந்து லென்ஸைத் திருகினால், ‘சட்டத்தில் இடமிருக்கிறது’ என்று நாம் பேசாமல் இருப்போமா? அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விடுவார், கோலம் பாதியில் நிற்கும், வீட்டு ஆள் வெளியே வந்து சத்தம் போடுவார். அந்தச் சத்தம் நியாயம் என்றால், லாவோஸில் ஆற்றங்கரையில் குளிக்கும் பெண்ணுக்கும் மொராக்கோவில் கதவோரம் நிற்கும் கிழவிக்கும் அதே நியாயம்தான்.

என்ன செய்ய வேண்டும்? கேட்க வேண்டும். மொழி ஒரு தடையே இல்லை. செல்போனை இறக்கிப் பிடித்து, முகத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினால் உலகத்தில் எந்த மூலையிலும் புரியும். கஷ்டம் கேட்பதில் இல்லை. வருகிற பதிலை மதிப்பதில் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். தலையைத் திருப்பிக்கொள்வார்கள், முந்தானையோ தொப்பியோ இறங்கி முகத்தை மறைக்கும், கை குறுக்கே வரும், சங்கடமாக ஒரு சிரிப்பு வரும். இவை எல்லாமே மறுப்பு. சங்கடச் சிரிப்பைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வது தெரியாமல் செய்யும் பிழையில்லை. புரிந்தும் புரியாததுபோல் நடிப்பது. எடுத்த படத்தைத் திரையில் அவரிடம் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போடுவதென்றால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். படம் எடுத்துக்கொள் என்றவர், உலகத்துக்குக் காட்டு என்று சொல்லவில்லை.

வழிபாட்டு இடங்களில் கேட்கக்கூட ஆளிருக்காது. பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான். லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்தில் தினமும் விடிகிற நேரத்தில் பௌத்தத் துறவிகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சைப் பாத்திரம் ஏந்தி வருவார்கள். தெருவோரம் பாய் விரித்து மண்டியிட்டிருக்கும் ஊர்க்காரர்கள் ஒட்டரிசிச் சோற்றை ஒரு பிடி ஒரு பிடியாக இடுவார்கள். பேச்சில்லாமல் நடக்கும் அந்தச் சடங்குக்குள் ஃபிளாஷ் வெளிச்சத்தோடு நுழைந்து துறவியின் முகத்துக்கு அருகே நிற்கிறார்கள் பயணிகள். தள்ளி நில்லுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள் என்று ஊரெங்கும் அறிவிப்புகள் இருக்கின்றன. அதிகாலையில் எழுந்து போய் இந்த அறிவிப்பை மீறுவதற்குத் தூங்கிக்கொண்டே இருந்திருக்கலாம்.

இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது அவமரியாதை. சிலையை முத்தமிடுவதுபோல் எடுத்த படங்களுக்காக மூன்று பிரெஞ்சுக்காரர்களுக்கு 2012-ல் காலி நகர நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. படத்தை அச்சுப்போடக் கொடுத்த கடையிலிருந்துதான் போலீஸுக்குத் தகவல் போனது.  

இறந்தவர்களின் இடத்தில் கண்டிப்பு இன்னும் கூட வேண்டும். நாஜிகள் பதினோரு லட்சம் பேரைக் கொன்ற ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், அவர்களை ஏற்றிவந்த தண்டவாளத்தின் மேல் கையை விரித்துச் சமநிலை காட்டி நடந்து படமெடுக்காதீர்கள் என்று 2019-ல் அந்த நினைவகமே பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. கொல்லப்பட்ட பெண்களின் கூந்தல் குவிந்திருக்கும் அறையில் படமெடுக்கவே தடை. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் சிரிக்கும் முகத்தின் மேல் கோடு போட்ட பலகை இருக்கிறது. அந்தச் சிறைக்குள் வந்த கைதிகளைக் கெமர் ரூஜ் ஆட்சியினர் முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் சித்திரவதைக்கு அனுப்பினார்கள். சுவர் முழுக்க அந்த முகங்கள். அவற்றுக்கு முன்னால் இரண்டு விரலை விரித்துக்காட்டி நிற்கிறவரைப் பார்த்து என்ன சொல்ல? பாவம், தெரியாமல் செய்கிறார் என்று மன்னிக்கலாம்தான். டிக்கெட் போடும்போது இடத்தின் பெயரைத் தேடியவருக்கு வரலாற்றைத் தேட ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை என்பதை நம்ப முடிந்தால் மன்னிக்கலாம்.

அங்கோர்வாட் பார்க்கப் போகிற நம்மவர்கள் சிலர் ‘நல்ல காரியம்’ என்று நினைத்து அங்குள்ள ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் போய் வருகிறார்கள். பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக் குழந்தைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பயணிகள் வருகிறார்கள், பணம் வருகிறது, ஆகவே குழந்தைகள் வேண்டும் என்ற கணக்கில் வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த கதை அது. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருட்கள் அல்ல’ என்று ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு யுனிசெஃப் ஆதரவுடன் 2011-ல் பிரச்சாரமே நடத்தியது. தம் பிள்ளையின் பள்ளி விழாப் படத்தைக்கூட முகத்தை மறைத்துப் போடும் பெற்றோர், ஊர் பேர் தெரியாத கம்போடியக் குழந்தையின் முகத்தை மட்டும் ‘புண்ணியம்’ என்று போடுவதில் உள்ள இரட்டை வேடம் அவர்களுக்கே தெரிய வேண்டும்.

காசு கொடுத்தால் சரியாகிவிடுமா? எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி இனப் பெண்கள், கீழுதட்டில் தட்டு அணிந்தவர்கள், ஒரு படத்துக்கு இவ்வளவு பிர் என்று எண்ணி வாங்குகிறார்கள். ‘வணிகமாகிவிட்டது, இயல்பே போய்விட்டது’ என்று பயணிகள் மூக்கால் அழுகிறார்கள். அங்கே பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் டர்டன் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்: இந்த வியாபாரத்தை இரு தரப்புமே விரும்பவில்லை, இருந்தும் நடக்கிறது. நம் தீர்ப்பு இதுதான்: ஜீப்பிலிருந்து இறங்கி, படமெடுத்து, பத்து நிமிடத்தில் ஏறிப்போகிறவரிடம் இயல்பை எதிர்பார்க்கும் அருகதை இல்லை. முகத்துக்கு விலை வைக்க அவர்களுக்கு உரிமையுண்டு. விலை பிடிக்காவிட்டால் எடுக்காமல் போகலாம். எடுத்துவிட்டுப் பேரம் பேசுவதும், மொராக்கோவின் மர்ரகேஷ் நகரச் சதுக்கத்தில் பாம்பாட்டியைத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு அவர் கை நீட்டும்போது ஓடுவதும் திருட்டு.

கடைசியாக, மிக அருகில் இருக்கும் வெளிநாடான இலங்கை. தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு போகிறவர்கள் அதை வெளிநாடாகவே நினைப்பதில்லை. ‘நம் சொந்தங்கள்’ என்ற உரிமையில் போகிறார்கள். கேட்காமல் எடுப்பதற்கு அந்த உரிமையையே காரணமாகவும் காட்டுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருப்பதே ஒரு படம்: மகனின் பாஸ்போர்ட் அளவுப் படம், பெரிதாக்கி லேமினேட் செய்தது. உலகம் பார்க்க வேண்டும் என்றுதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அங்கே கேமராவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அதே தாய்மாரைப் புலனாய்வுத் துறை ஆட்களும் படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிறகு வீட்டு வாசலில் விசாரணைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ‘அம்மா, இன்ன ஊரிலயிருந்து வாறன், படத்த இன்ன இடத்தில போடுவன்’ என்று சொல்லிக் கேட்கும் பத்திரிகையாளரும், அழுகிற நேரம் பார்த்துக் க்ளோசப் எடுத்து, சோகப் பாட்டைப் பின்னணியில் ஒட்டி, ஊருக்கு வந்ததும் லைக் எண்ணும் நம் ஊர் உணர்ச்சியாளரும் ஒரே தராசில் நிற்க முடியாது. ஒரு படம் வெளியே போனபின் விளைவைத் தாங்குவது எடுத்தவரில்லை. அங்கேயே இருக்கப்போகிற அந்தத் தாய். முள்ளிவாய்க்கால் மண்ணில் நின்று செல்ஃபி எடுப்பவரின் இன உணர்வை நாம் நம்பத் தயாரில்லை.

வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் நம் நிறுவனங்களுக்கு இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. கிளம்புவதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் பாஸ்போர்ட் நகல், சர்க்கரை மாத்திரை, புளியோதரைப் பொட்டலம் எல்லாவற்றையும் நினைவூட்டுகிறார்கள். எந்த இடத்தில் படமெடுக்கக் கூடாது, யாரைக் கேட்டு எடுக்க வேண்டும், எந்த நாட்டில் ஜெயில் என்பதைப் பத்து நிமிடம் தமிழில் சொல்வதில் என்ன கஷ்டம்? பழங்குடிக் கிராமங்களையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் ‘போட்டோ ஸ்பாட்’ என்று பட்டியலில் போட்டு விற்பதை அவர்கள் இன்றே நிறுத்த வேண்டும். பயண வீடியோ போடுகிறவர்கள், தங்கள் சேனலில் கேலிக்கு ஆளான முகங்களை நீக்க வேண்டும். பார்வைகள் குறையும், குறையட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போன பயணத்தின் படங்கள் உங்கள் செல்போனில் இன்னும் இருக்கும். அவற்றில் சம்மதம் கேட்காமல் எடுத்த முகங்கள் எத்தனை என்று பாருங்கள். பொதுவெளியில் போட்டவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.